தம்பிக்கு, கோர்ட்டுக்கு முன்னாடி

டேய் தம்பி,

உன்கூட வாழ்ந்து உன்கிட்ட அடி வாங்கினவ பக்கம் கோர்ட்ல சாட்சி சொல்றதா முடிவு பண்ணிட்டேன். வக்கீல்கிட்டயும் சொல்லியாச்சு. உன்கிட்ட முதல்ல சொல்லாததுக்கு மன்னிச்சுக்கோடா, ஆனா சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப, நீ அழுதா எனக்கு கையும் ஓடாது காலும் ஓடாது, அது உனக்கு நல்லாவே தெரியும், அதனால தான் சொல்லல. ஃபோன நீ எடுக்கறதில்ல, அதான் இங்க எழுதறேன். சொந்தக்காரங்களும் படிப்பாங்க, படிக்கட்டும். அவ பேரோ, இப்ப எங்க இருக்கான்னோ இதுல வராது. விட்டுட்டு வர்ற நேரம் தான் ஒரு பொண்ணுக்கு ரொம்ப ஆபத்தான நேரமாம்.

அன்னைக்கு எதுல ஆரம்பிச்சுதுன்னு உனக்கே தெரியும். எனக்கு மனசுல நிக்கறது நீ கத்திக்கிட்டே வாட்ச்ச கழட்டினது தான். பக்கிள் டைட்டு போல, ரெண்டு இழுப்பு இழுத்த. கண்ணாடில கீறல் விழாம மேல பாக்க டேபிள்ல வெச்ச. போய் ஜன்னல சாத்துன. அதுக்கப்புறம் தான் அவ பக்கம் திரும்புன. நான் ஓடி வந்து உன் கைய பிரிக்கறதுக்குள்ள அவ கழுத்துல... கேஸ் நடக்குது, மீதிய கோர்ட்ல சொல்றேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. 2008-ல வந்த ஒரு ஆய்வுல, புருஷனோ காதலனோ ஏற்கனவே கழுத்த நெரிச்சிருந்தா பின்னாடி அவன் கையாலயே சாகற வாய்ப்பு 7 மடங்குக்கு மேலன்னு போட்டிருக்கு. "ஒரு தடவ தானேக்கா"ன்னு நீ சொன்னது அதத்தான்.

"கோவத்துல என்ன பண்றேன்னே தெரியல"ன்னு வேற சொன்ன. தெரியாமயா வாட்ச் பத்திரமா இருந்துச்சு? மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேவலமா பேசினப்ப இதவிட கோவம் வந்துச்சுன்னு நீயே சொன்னியே, அவர் மேல கை வெச்சியா? குடிச்சிருந்தேங்கறதும் இதே கதை தான். குடி அடிய மோசமாக்கும், ஒத்துக்கறேன், யார அடிக்கலாம்னு குடியா சொல்லிக்குடுக்குது?

அவளோட கவுன்சிலர் ஒரு சக்கரப் படம் காட்டினாங்க. 1984-ல அமெரிக்காவுல டுலூத்ங்கற ஊர்ல, அடி வாங்கின பொண்ணுங்க சொன்னத வெச்சு வரைஞ்சதாம். நடுவுல அதிகாரம், கட்டுப்பாடுன்னு இருக்கு. சுத்தி மிரட்டறது, தனிமைப்படுத்தறது, பணத்த கையில வெச்சுக்கறது, பழிய அவ மேலயே போடறதுன்னு ஒவ்வொண்ணா. அடி உதை தான் இது எல்லாத்தையும் சேத்துப் பிடிக்கற வெளி வட்டம். அவ ஃபோன நீ வாங்கிப் பாத்தது, என் வீட்டுக்கே அவள வர விடாம பண்ணது எல்லாம் அதுல இருந்துச்சு, பாக்கப் பாக்க வயித்தக் கலக்குச்சு. நீ அடிச்ச, அவ அடங்கிப் போனா, நீ நெனச்சது நடந்துச்சு, அதனால திரும்ப அடிச்ச. அவ்ளோ தான்டா. உள்ளுக்குள்ள அவ விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயந்து செத்துக்கிட்டு இருந்தன்னும் எனக்குத் தெரியும். ஆனா பயந்தவன் எல்லாம் ஜன்னல சாத்தறதில்ல.

அப்பாவ பாத்து வளந்தவன், வேற எப்படி இருப்பான்னு பெரியம்மா கேக்கறாங்க. அப்படி வளர்ற பசங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் தான், இல்லன்னு சொல்லல, ஆனா அவங்கள்லயும் பெரும்பாலானவங்க அடிக்கறதில்ல. அம்மா கத்தறப்ப கட்டிலுக்கு அடியில உன் காத நான் தான்டா பொத்துவேன், நீ என் கழுத்துக்குள்ள மூஞ்ச புதைச்சுக்குவ, உன் கண்ணீர்ல என் சட்டையே நனைஞ்சிடும், அந்தக் குழந்தைய இப்பவும் தூக்கிட்டு எங்கயாவது ஓடிடலாம்னு இருக்கு. என் காத யாரும் பொத்தல. நான் எல்லாத்தையும் கேட்டேன்.

எல்லா வீட்லயும் நடக்கறது தானேன்னு சொல்ற சொந்தங்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன கணக்குப்படி, துணையோட வாழ்ந்திருக்கற 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள உள்ள பொண்ணுங்கள்ல சுமார் 27 சதவீதம் பேருக்கு துணையாலயே உடல்ரீதியாவோ பாலியல்ரீதியாவோ வன்முறை நடந்திருக்கு. பயங்கரம் தான். மீதி வீடுங்கள்ல யாருக்கும் கோவமே வராதா?

அடிக்கற ஆம்பளைங்களுக்குன்னு குரூப் கவுன்சிலிங் இருக்காம், மாசக்கணக்குல போகணுமாம். எல்லாரும் மாறிடறாங்கன்னு யாரும் சத்தியம் பண்ணல. நீ சேந்தா ஃபீஸ் நான் கட்டறேன், கூடவும் வரேன். அவ திரும்பி வருவாங்கற கணக்குல சேர்றதா இருந்தா மட்டும் என்ன கூப்பிடாத.

அக்கா