துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சில்லு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். வாசற்படிக் கல் எந்த வகை என்று கேட்டால் முழிக்கிறார்கள். நானும் முதல் சில வருஷம் கரும்பலகையில் மட்டுமே பாறை காட்டியவன்தான். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

நம் கொல்லையில் துவைக்கிற கல் ஞாபகம் இருக்கிறதா? தாத்தா பல்லாவரம் குவாரியிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து போட்டது. இன்று காலை அதன் ஓரத்தில் சுத்தியலால் ஒரு சில்லு பெயர்த்தேன். மேலே சோப்புக்கறை ஏறிப்போன சாம்பல். உள்ளே கருநீலம், எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு. சார்னோக்கைட். பரங்கிமலையும் இதே கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு வைத்த கல்லும் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். ஏறக்குறைய 250 கோடி வருஷத்துக்கு முன்னால், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் வெந்த கல் இது. அதன் மேலிருந்த மண்ணும் பாறையும் கரைந்து போகப் போகத்தான் வெளியே தலைகாட்டியது. அதில்தான் அம்மா உன் யூனிஃபார்மைத் துவைத்தாள்.

இதோடு நிறுத்தாதே. வெயிலிலும் மழையிலும் பாறை உதிர்கிறது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம் மட்டும் விடாப்பிடியாக மணலாக நிற்கும். ஆறு அதைக் கடலுக்கு இழுத்து வருகிறது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடற்கரை மணலில் இழுக்கச் சொல், கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அந்த மணல்தான் பங்குனி ஆமை என்கிற கடலாமையின் முட்டைக்கு அடைகாக்கும் கோழி. பெசன்ட் நகரில் ராத்திரி பார்த்தோமே, நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒன்றரை அடிக் குழியில் நூறு முட்டை போல இடும். மூடிவிட்டுப் போனால் அப்புறம் திரும்பிப் பார்க்காது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது: 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து, சூடு ஏறினால் பெண். அன்று ஒரு குஞ்சு கடலை விட்டுத் தெருவிளக்குப் பக்கம் நகர்ந்ததும் நீ அழுதாய். குஞ்சுக்கு வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல். அந்தத் தொண்டர் பையன் கையில் எடுத்துத் திருப்பி விட்டதும்தான் உனக்கு மூச்சு வந்தது. அதைப் பிள்ளைகளிடம் சொல். பாடமும் மறக்காது, ஆமையும் மறக்காது.

சில்லைத் துணியில் சுற்றிப் பார்சல் கட்டியிருக்கிறேன், கூடவே ஒரு டப்பா மணல். காந்தம் உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். கல்லை எல்லாப் பிள்ளைகளும் கையில் வாங்கிப் பார்க்கட்டும். முனை கூராக இருக்கிறது, ஜாக்கிரதை.

அன்புடன்,
அப்பா