நீலகிரியின் கல் எரிமலைக் குழம்பு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் பயணச் சிறப்பிதழில் வந்த நீலகிரிக் கட்டுரையில், 'எரிமலை கக்கிய குழம்பு உறைந்து எழுந்த மலை' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை என்னால் கடந்து செல்ல இயலவில்லை. முப்பது ஆண்டுகள் நிலவியல் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் மாணவர்களை அந்த மலைக்கு அழைத்துச் சென்று, சாலையோர வெட்டுமுகத்தில் அவர்கள் கையாலேயே கல்லை உடைக்கச் செய்து, உடைந்த முகத்தில் எண்ணெய் பூசினாற்போன்ற அந்தக் கரும்பச்சையைக் காட்டியவன்.

எரிமலைக் குழம்பால் ஆன மலை மேற்குத் தொடர்ச்சியில் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரப் பகுதியில் படிப்படியாகத் தெரியும் பசால்ட் அடுக்குகள் ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தவை. கட்டுரையாளர் அதைத் தெற்கு வரை நீட்டிவிட்டார் என்றே எண்ணுகிறேன். நீலகிரியின் கல் சார்னோக்கைட். குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் ஹைப்பர்ஸ்தீனும், பல இடங்களில் கார்னெட்டும் ஆகிய கனிமங்கள் சேர்ந்த இக்கல், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 25 முதல் 35 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. அதன் மூலப்பாறை எது என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதம் உண்டு. இன்று நம் கண்ணில் படும் கனிமங்கள் ஆழத்தில் உருவானவை என்பதில் விவாதம் இல்லை. மலையின் வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கை நெருங்க நெருங்க, கனிமங்கள் காட்டும் அழுத்தமும் கூடுகிறது; அதாவது அங்குள்ள கல் இன்னும் ஆழத்திலிருந்து வந்தது.

இதற்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு மெல்லிய கல்சீவல்தான். நுண்ணோக்கியில் வைத்தால், ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ட்ஸ்பாரும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் கார்னெட் மெல்லிய மாலைபோல் வளர்ந்திருப்பது தெரியும். கல் ஆழத்திலேயே நீண்ட காலம் தங்கி, அழுத்தம் பெரிதும் குறையாமல் வெப்பம் மட்டும் மெல்லத் தணிந்ததன் அடையாளம் அது. தரைக்கு வந்து விரைவில் உறையும் குழம்பில் அந்த மாலை வளர நேரம் ஏது? முதன்முறை அதைக் கண்ட மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகும் கண்ணை எடுக்க மறுத்து உட்கார்ந்திருந்தாள். ஒற்றை வரியில் அந்தக் காட்சி முழுவதையும் அழித்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அது 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான ஆழத்தில் இருந்த கல், மேலே கிடந்த அத்தனை கல்லும் காலப்போக்கில் அகன்றதால், இன்று 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் வெயில் காய்கிறது. உருகி வழிந்த கல் என்று எழுதினால் இந்தப் பயணம் முழுவதும் மறைந்துபோகிறது.

இது முதல் தவறாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். கட்டடத்தில் பதிக்கும் கல் எதுவானாலும் தங்கள் இதழுக்கு அது 'கிரானைட்'. நிலவியல் வேறு, புவியியல் வேறு என்று முன்பே எழுதினேன். இம்முறையும் 'புவியியல் அறிஞர்கள்' என்றே அச்சாகியிருக்கிறது. பல்லாவரம் கல்லைப் பற்றி நான் அனுப்பிய கடிதம் பாதியாகச் சுருங்கி வெளியானது. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அதே வகை என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரால் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார் என்ற பகுதியைத்தான் நீக்கியிருந்தீர்கள். உலகமெங்கும் நிலவியல் நூல்களில் வழங்கும் ஒரு பெயர் நம் பல்லாவரத்துக் கல்லோடு பிணைந்தது என்பது வாசகருக்கு வேண்டாத செய்தியா?

அதே கட்டுரை பழனி மலையையும் 'நீலகிரியின் உடன்பிறப்பு' என்கிறது. பழனி மலைப் பகுதியின் சில பாறைகளில் சஃபிரின் என்னும் அரிய கனிமம் கிடைக்கிறது. அவை 900 டிகிரிக்கும் மேலான வெப்பத்தைக் கண்டவை. அந்த வெப்பம், இந்தியாவும் அடங்கியிருந்த கோண்டுவானா என்னும் பழம்பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தது, ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவற்றின் வரலாறுகளுக்கு இடையே ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஆசிரியர் குழுவில் இதை அறிந்தவர் இல்லாமல் இருக்க மாட்டார். அச்சுக்குப் போகுமுன் அவரிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்: 'நீலகிரி எரிமலைக் குழம்பால் ஆனதன்று, பூமி மேலோட்டின் ஆழத்தில் உருமாறிய சார்னோக்கைட் பாறையால் ஆனது.' இடம் போதாதெனில் இரண்டாம் பாதியை மட்டுமாவது, சுருக்காமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்