எறும்புத்தின்னியைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அருகிவரும் விலங்குகள் என்றாலே புலி, யானை, காண்டாமிருகம் ஆகியவற்றைப் பற்றியே நாளிதழ்கள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளுள் ஒன்றான எறும்புத்தின்னிக்கு (அழுங்கு) அந்தக் கவனம் கிடைப்பதில்லை என்பது வருத்தமளிக்கிறது.

செதில்கள் கொண்ட பாலூட்டி இது ஒன்றே. பற்களே இல்லாத இவ்விலங்கு, ஒட்டும் தன்மையுள்ள நீண்ட நாக்கால் எறும்பையும் கரையானையும் வாரி விழுங்க, கூடவே விழுங்கிய சிறு கற்களின் துணையோடு இரைப்பையே அவற்றை அரைத்துவிடுகிறது. உண்ணும்போது எறும்புகள் புகாதபடி மூக்குத் துளைகளையும் மூடிக்கொள்கிறது. குட்டியோ தாயின் வால்மீது தொற்றிக்கொண்டே பயணம் செய்கிறது.

ஆபத்து நேர்ந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். சிங்கத்தையே திணறடிக்கும் அந்தத் தற்காப்புதான் மனிதனிடம் எமனாக முடிகிறது. ஓடாமல் கிடப்பதை எவரும் எளிதாகத் தூக்கிச் சென்றுவிடலாம். அதன் செதில் நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் புரதம்தான். அது நோய் தீர்க்கும் என்று பலர் நம்பினாலும், அதற்கு அறிவியல் சான்று இல்லை.

இதன் எட்டு இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கும் 2016-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையான சைட்டிஸின் மாநாடு தடை விதித்தது. கடத்தல் பிடிபடும்போது செதில்களின் எடையை மட்டும் வெளியிடாமல், இந்த உயிரின் வாழ்வையும் நான்கு வரி சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்