மலை எங்கே என்று கேட்டிருந்தாய்

ஹட்டன்
14.07.2024

அன்பு மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. கையால் விலாசம் எழுதிய உறையைப் பார்த்து தபால்காரருக்கே சந்தேகம். "கோர்ட்டு கடுதாசி மாதிரித் தெரியலையே தம்பி" என்று சொல்லித்தான் நீட்டினார். நான் வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு டவுன் படத்துக்கு நாலு பக்கம் பதில் எழுத உன்னால்தான் முடியும். நானும் பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

உன் மகளின் ஏ.எல். பரீட்சை ரிசல்ட் கேட்டு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பேத்தி பாஸாகிவிட்டாள் என்று தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முழங்கால் வலிதான் அவரை விட்டபாடில்லை. டவுனில் என்னோடு வந்து இருக்கச் சொன்னால், "அங்கே வந்து உன் பெயின்ட் நாத்தத்துல படுக்கவா?" என்கிறார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா மலை எங்கேடா? எந்தப் பக்கம் மேலே?" என்று கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் பதில் தருகிறேன்.

மலையை நான் பதினைந்து வருடம் வரைந்தேன் மச்சான். உனக்கே தெரியும். பச்சைச் சரிவு, வளைந்து போகும் பாதை, ஓரத்தில் கூடையோடு ஓர் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஒன்று முடிப்பேன். விற்றது, சோறு போட்டது, குறை சொல்லவில்லை. போன வருடம் நம் மலையகத்தவர்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்த நேரம் என்னிடமும் ஒரு போஸ்டருக்கு வரைந்து கேட்டார்கள். கை தானாகவே கூடையைப் போட்டது. பாதியில் நிறுத்திவிட்டு யோசித்தேன். அந்த அக்காவின் மகன் ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மகள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். நீ வெள்ளவத்தையில், நான் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு மாடி அறையில். நாம் எல்லாரும் இப்போது டவுனில் கிடக்கிறோம், படத்தில் மட்டும் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன். ஹட்டனில் தட்டையான நிலம் எங்கே இருக்கிறது? ஒரு கடையின் கூரை அடுத்த கடையின் வாசல் மட்டத்தில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் சுவரே தெரியாது, கூரைதான். துருப்பிடித்த தகரம், புதுத் தகரம், ஒழுகும் இடத்தில் விரித்த நீலப் படங்கு, அது பறக்காமலிருக்க வைத்த பழைய டயர். நடுவில் கோயில் கோபுரம், கொஞ்சம் தள்ளி பள்ளிவாசல். எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி. இதில் தூரம் காட்டி வரைய இடமே இல்லை. தூரத்தில் உள்ளது பின்னால் போகாமல் மேலே போகிறது. அதைக் கட்டம் கட்டமாக அடுக்காமல் வேறு எப்படி வரைவது, நீயே சொல்.

பனி வரும்போது இன்னொரு கூத்து. ஐந்து நிமிடத்தில் டவுன் காணாமல் போய்விடும். திரும்பி வரும்போது ஒழுங்காக வராது. முதலில் ஒரு சிவப்பு, அப்புறம் எங்கோ ஒரு நீலம், அதன் பிறகுதான் அது கூரை, இது படங்கு என்று புத்தி பெயர் வைக்கும். பெயர் வைப்பதற்கு முந்திய அந்த நேரத்தைத்தான் நான் பிடிக்கப் பார்க்கிறேன். கொட்டகலையிலிருந்து ரயிலில் வகுப்புக்கு வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? சிங்கமலை சுரங்கத்துக்குள் அரைக் கிலோமீட்டர் இருட்டு, எல்லாரும் ஊ என்று கத்துவோம். வெளியே வந்ததும் கண் கூசும். சில நொடிகளுக்கு மரமும் இல்லை, வீடும் இல்லை, நிறம் மட்டும். நீ அப்போது கண்ணைக் கசக்குவாய். நான் கசக்காமல் பார்த்துக்கொண்டே வருவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன், உனக்கு ஹார்ட்வெயார் கடை அனுபவம் இருப்பதால் புரியும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து மூன்றே மாதத்தில் 360க்கு ஓடியதே, அதோடு ஆர்ட் கடை டியூப்பை நான் விட்டுவிட்டேன். கூரைக்கு அடிக்கிற ரெட் ஒக்சைட், சுவருக்கு அடிக்கிற எமல்ஷன், இவைதான் இப்போது. கன்வஸும் இல்லை. இந்த ஈரத்தில் அது தொய்ந்து போகிறது. ஹாட்போட் பலகைதான். முதலில் பலகை முழுக்க ரெட் ஒக்சைட். அது காய்ந்ததும் பட்டித் தகட்டால் கட்டங்களை இழுப்பேன். கடைசியில் சாம்பல் எமல்ஷனைத் தண்ணீராகக் கரைத்து மேலே மொத்தமாக ஊற்றி, காய்வதற்குள் ஈரத்துணியால் அங்கங்கே துடைத்து எடுப்பேன். துடைத்த இடத்தில் டவுன் தலை காட்டும். எங்கே துடைக்கக் கூடாது என்பதில்தான் படம் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள மூன்று படம் நாசம். எண்ணெய்ப் பெயின்டின் மேல் தண்ணீர்ப் பெயின்ட் பிடிக்காது என்று உன் கடையில் வேலை செய்யும் பையனுக்கே தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஆனி மழையில் ஒரு காலை எழுந்து பார்த்தால் அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி ஒரு படம் உரிந்து தொங்குகிறது. இப்போது சாண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மலையை வெட்டி இறக்குவார்கள். இலை ஒன்றும் மிஞ்சாது, தூரும் வாதும் மட்டும். சின்ன வயதில் அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். அப்பா ஒரு செடியின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்வாக ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழுந்தால் வாது பிளந்துவிடும் என்பார். கவ்வாத்து வெட்டிய மலையை எந்த டூரிஸ்டும் போட்டோ எடுப்பதில்லை. எனக்கோ இப்போது அதைவிட அழகான மலை கிடையாது.

கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் டச்சு ஓவியர் பீட் மொண்ட்ரியனின் படங்கள் அடங்கிய ஒரு புத்தகம் கிடைத்தபோது அப்பாதான் ஞாபகம் வந்தார். 1911இல் அந்த ஆள் வரைந்த ஒரு சாம்பல் மரம் இருக்கிறது, அப்படியே கவ்வாத்து வெட்டிய செடி. அடுத்த வருடம் பூத்த ஆப்பிள் மரம் என்று ஒன்று, அதில் பூவும் இல்லை, மரமும் அனேகமாக இல்லை, வளைந்த கோடுகள்தான். வெட்டி வெட்டி வந்து, 68 வயதில் யுத்தத்துக்குத் தப்பி 1940இல் நியூயோர்க் போகிறார். அங்கேதான் 1942, 43இல் 'புரோட்வே பூகி வூகி'. இருபது வருடமாக விடாமல் வைத்திருந்த கறுப்புக் கோடுகளை விட்டுவிட்டு மஞ்சள் கோடு, அதில் சின்னச் சின்னச் சிவப்பு, நீலச் சதுரம். ஒரு தெருவின் ஓட்டம் முழுவதும் அதில் இருக்கிறது, ஒரு கார்கூட இல்லை. நம் பஸ் ஸ்டாண்டை மாலை ஐந்தரைக்கு மேலிருந்து பார், நான் சொல்வது பொய்யா என்று தெரியும்.

இந்திய ஓவியர் ராம் குமாரும் அப்படித்தான். 1960இல் இன்னொரு ஓவியரான எம்.எஃப். ஹுசைனோடு காசிக்குப் போனார். சனம் நெரியும் ஊர். அவர் வரைந்த காசியிலோ மனிதர்களையே காணோம், படித்துறையும் வீடும் பாளம் பாளமாக நிற்கும். ஆள் இல்லாத படத்திலும் துக்கம் இருக்கும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுக்காரர் மட்டும் வேண்டாம் என்றால், நீ இருக்கிற கொழும்பிலேயே பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1943இல் சேர்ந்த '43 குழு' ஓவியர்களின் படங்கள் அங்கே கிடைக்கும். கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற்றும் அவர்களில் ஒருவர். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போ.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். நுவரெலியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பறைக்கு ஒரு பெரிய படம் கேட்டார்கள். இந்தக் கூரைப் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேனேஜர் நல்லவர், பத்து நிமிடம் பார்த்தார். "கலர் எல்லாம் சூப்பர். மூலையில் கொழுந்து பறிக்கிற ஒரு பொம்பளையைப் போட்டுத் தர முடியுமா?" என்றார். நீயாக இருந்தால் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய். நான் போட்டுக் கொடுத்தேன். கூடை, தலையில் துண்டு, எல்லாம் சுத்தமாக. அந்தக் காசில்தான் அம்மாவின் வீட்டு முன் இஸ்தோப்புக்குப் புதுத் தகரம் போட்டேன். நடு டவுனில் ஒரு கடைக் கூரையின் மேல் நின்று அந்த அக்கா எதைப் பறிக்கிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் ஒரு படத்தைக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கக் கடைகள் அது. அவர் விரலால் எண்ணி, "பன்னிரண்டு காம்பரா, இது நம்ம பழைய லயம், இந்தக் கறுப்பு நம்ம அடுப்படி" என்றார். அந்தக் கறுப்பு ஒரு ஜெனரேட்டர். நான் திருத்தவில்லை.

உனக்கு அனுப்பிய படம் உனக்குத்தான், காசு கீசு பேசாதே. அடுத்த வாரம் தெரிந்த லொறியில் வரும். இரண்டடிக்கு மூன்றடி, கண்ணாடி போடாதே, குளியலறைச் சுவரில் மட்டும் மாட்டாதே. நடுவில் கடுகு மஞ்சளில் ஒரு கட்டம் இருக்கும், நாம் டியூஷன் படித்த மாடி அது. அதன் கீழே ரொட்டிக் கடை வாசனை எனக்கு வரையத் தெரியவில்லை.

நத்தார் விடுமுறைக்கு எல்லாரும் வாருங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். வரும்போது இரண்டு அங்குலப் பட்டித் தகடு நல்லது ஒன்று உன் கடையிலிருந்து கொண்டு வா. இங்கே கிடைப்பது வளைகிறது.

எந்தப் பக்கம் மேலே என்று கேட்டாயே, பலகைக்குப் பின்னால் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

உன்,
சோக்குக்கட்டி