திண்ணை கொடுத்த ஆச்சிக்கும் டப்பா வைத்த நூலகருக்கும்

நாலு மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நன்றி மடல் இது. போன ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வீட்டு வாசலில் நடந்ததைப் பார்த்த பிறகு இனியும் தள்ள மனம் வரவில்லை.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காரைக்குடிப் பக்கத்துப் பெண். என் கணவர் இளையான்குடிக்காரர், ராவுத்தர் என்னும் தமிழ் முஸ்லிம் குடும்பம். 2004-இல் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டோம். 1954-இல் வந்த அந்தச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. மணமக்கள் பெயரை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுவார்கள். அப்படி ஊரே படித்த விஷயம், கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்குள் பேச்சாகவே எழவில்லை. இரண்டு பக்கமும் கோபம் ஆறி, போக்குவரத்து தொடங்கியதே பெரிது, எதையாவது பேசிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். நோன்புக் கஞ்சி வந்தது, பொங்கல் பானையும் பொங்கியது. எது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை. அதைத்தான் நிம்மதி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு இளைஞர்கள் வராமல் இல்லை. காலையிலேயே டிஎன்பிஎஸ்சி கைடும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மேசையும் மின்விசிறியும் போதும், அலமாரிப் பக்கம் திரும்பமாட்டார்கள். நூலகர் ஐயா, நீங்கள் அதற்காக அவர்களைக் கடிந்துகொண்டதே இல்லை. சாயங்காலம் அவர்கள் டீக்கடைக்கு வரும்போது நீங்களும் கூடப் போய் நின்றீர்கள். "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உங்களுக்கு. என்ன படிக்கிறது, என்ன பேசுறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, நான் ஓரமா உக்காந்துக்கிறேன்" என்றீர்கள். முதல் வாரம் நாலு பேர், அதில் ஒருவன் என் மகன்.

உள்ளே பேசினால் படிக்கிறவர்களுக்கு இடைஞ்சல். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆச்சி, நீங்கள், "முகப்புத் திண்ணை சும்மாதானே கெடக்கு, வந்து உக்காருங்க" என்று கதவைத் திறந்துவிட்டீர்கள். பிள்ளைகளெல்லாம் வெளியூரில் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் ஒருவர்தான். தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் சத்தம் போட்டு வாதாட, நீங்கள் மோர் கலந்து அனுப்பினீர்கள். ஒரு வாரம் கந்தரப்பம். கூட்டம் சேர்ந்ததற்குக் கந்தரப்பமும் ஒரு காரணம் என்று என் மகன் இன்றும் சொல்கிறான்.

நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக நூலகர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்தார். பெயர் போட வேண்டாம், கேள்வி மட்டும் போதும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டித் தேதி முத்திரை குத்துவார்களே, அதே மாதிரி இன்னும் ஒட்டாத சீட்டின் பின்புறத்தில் எழுதிப் போடுவார்கள். ஒரு ஞாயிறு நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் பிரித்த சீட்டில் இருந்த 'ற'வின் வால் எனக்குத் தெரிந்த வால், என் மகனுடையது.

"எங்கள் வீட்டில் ஒரு பக்கம் அடக்கம், ஒரு பக்கம் தகனம். தாத்தா மவுத்தானபோது எங்கே நிற்பது என்று தெரியாமல் செருப்புக் கிடந்த இடத்திலேயே நின்றேன். பாட்டிகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. யாரிடம் கேட்பது?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, அன்று நீங்கள் உபதேசம் எதுவும் செய்யாததற்கே தனி நன்றி. "1939-இல சா. கணேசன் காரைக்குடியில கம்பன் கழகம் தொடங்குன சீமைப்பா இது. சென்னைக் கம்பன் கழகத்துக்கு நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைவரா இருந்தாரு. கம்பன்கிட்டப் போக அவரு யாருகிட்டயும் அனுமதி கேக்கல. ஒம் பாட்டிககிட்டக் கேக்க ஒனக்கு எதுக்கு அனுமதி?" என்றீர்கள். பிறகு உள்ளே கூட்டிப்போய் இலக்கிய அலமாரியைக் காட்டினீர்கள். கம்பராமாயணம், சீறாப்புராணம், தேம்பாவணி, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை அன்று என் மகன் வீட்டுக்கு எடுத்து வந்தான்.

அடுத்த வாரம் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம், அதாவது என் மாமியாரிடம், போய் நேராகவே கேட்டான். அவர் அதிரவில்லை. "மவுத்தானவுகளுக்குத் தொழுற ஜனாசாத் தொழுகையில குனியுற ருகூவும் இல்ல, நெத்தியத் தரையில வைக்கிற சுஜூதும் இல்ல, நின்னுக்கிட்டேதான். 'அல்லாஹு அக்பர்'னு நாலு தக்பீர். நீ தொழாட்டியும் வரிசைக்குப் பின்னால வந்து நில்லு. மூணு பிடி மண்ணு போடு. செருப்புக்கிட்ட நிக்காத" என்றார். அம்மாச்சி சொன்னது இன்னும் சுருக்கம்: "நான் போயிட்டா நெய்ப்பந்தம் பேரப்புள்ளைகதாண்டா பிடிக்கணும். ஒன்னைய யாரு வேணாம்னது?"

போன ஞாயிறு அம்மாச்சியே இளையான்குடிக்கு வந்தார். சம்பந்தி இறந்தபோது கேட்காமல் விட்டதை வாசலில் உட்கார்ந்து கேட்டார்: "நாப்பதாம் நாளு உங்க பக்கம் என்ன செய்வீக?" இத்தனை வருஷத்தில் முதல் கேள்வி. என் மாமியார் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். இரண்டு பேர் மடியிலும் வைத்த டீ ஆறிப்போனது.

இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டும். பரீட்சை நெருக்கத்திலும் திண்ணையில் வந்து அமர்ந்த தம்பி தங்கைகளுக்கு. கடன் சொன்னாலும் முகம் சுளிக்காத டீக்கடை அண்ணனுக்கு. அப்புறம், 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்த வரியைக் கட்டிய ஊர்க்காரர்கள் எல்லாருக்கும்தான்.

நூலகத்தில் புரவலராகச் சேர 1,000 ரூபாய். பாட்டிகள் இருவரும் ஆளுக்கு 500 கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ரசீதில் யார் பெயர் எழுதுவது என்று நூலகர் கேட்டார். இருவருக்கும் போன் போட்டோம். இருவருமே பேரன் பெயரைத்தான் சொன்னார்கள்.