பவித்ராவை இந்த விளையாட்டில் சேர்த்துவிடு

அன்புள்ள மேரி,

அம்மா கீழே விழுந்த செய்தியைச் சுசீலா அக்கா சொன்னாள். இப்போது எழுந்து நடக்கிறார்களா? வாக்கர் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள், விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் நலம். பையனுக்குப் பரீட்சை முடிந்து நாள் முழுக்கத் தூங்குகிறான்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஓஇடி இங்கிலீஷ் பரீட்சையைப் பவித்ரா எழுதப் போகிறாள் என்பதும் அக்கா சொல்லித்தான் தெரியும். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே மக்கா! தேறிய பிறகு ஸ்வீட்டோடு சொல்லலாம் என்று இருந்தாயாக்கும். சரி, போகட்டும். அவளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

பரீட்சையில் அவள் தேறிவிடுவாள். என் கவலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். கிழக்கு லண்டனில் எங்கள் வார்டில் இருக்கும் தாத்தா பாட்டிமார் பேசும் இங்கிலீஷ் எந்தப் பரீட்சையிலும் வராது. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று ஒரு பாட்டி சொன்னால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று பொருள். அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறைகளில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும். 1971-ல் பணக் கணக்கே மாறிப் பழைய பென்னி ஒழிந்தது, பேச்சு ஒழியவில்லை. 'ப்ளேட்ஸ்' வலிக்கிறது என்றால் பாதம் வலிக்கிறது. ஃபீட்டுக்கு இயைபாக 'ப்ளேட்ஸ் ஆஃப் மீட்' என்று வைத்துக்கொண்டு, இயைபு வரும் மீட்டை வெட்டிவிட்டுப் பேசுவார்கள். இப்படிப்பட்ட சொற்கள் 1859-ல் ஜான் கேம்டன் ஹாட்டன் போட்ட அகராதியிலேயே இருக்கின்றன. பக்கத்துக் கட்டில்காரர் 'பிரவுன் பிரெட்' என்று ஒருவர் சொன்னால், ரொட்டி கேட்கிறார் என்று நினைத்துச் சமையலறைக்குப் போன் செய்துகொண்டிருக்க முடியாது. செத்துப்போனார் என்கிறார்!

அதனால் நாங்கள் வியாழக்கிழமை இரவுகளில் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுகிறோம். கேரளப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, நைஜீரியாக்காரி ஒருத்தி, நான். பெத்னல் கிரீனில் பிறந்து வளர்ந்த எங்கள் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்தான் நடுவர். அவள் ஒரு சொல்லைச் சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு சீட்டில் ஒரு பொய்ப்பொருளை, மெய் போலவே தோன்றும்படி எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். உண்மையான பொருளையும் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து வாசிப்பாள். சரியானதைக் கண்டுபிடித்தால் இரண்டு புள்ளி. நம் பொய்யை நம்பி யாராவது ஏமாந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி. 'பாப்ஸ் யுவர் அங்கிள்' வந்த அன்று, பெரிய இடத்தில் மாமா இருந்தால் வேலை கிடைக்கும் என்று எழுதி மூன்று பேரைக் கவிழ்த்துவிட்டேன். உண்மையில் 'அவ்வளவுதான், வேலை முடிந்தது' என்று பொருள். ஆனால் 1887-ல் பிரதமர் சாலிஸ்பரி தன் அக்கா மகன் பால்ஃபருக்கு அயர்லாந்துப் பதவியைக் கொடுத்ததிலிருந்து பிறந்த பேச்சு என்று ஒரு கதையும் இங்கே சொல்வார்கள். சாலிஸ்பரியின் பெயர் ராபர்ட், செல்லமாக பாப். புள்ளியைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இதை விளையாட்டாகவே நினைத்திருந்தேன், போன மாதம் வரை. 'கிவிங் மீ ஜிப்' என்ற சொல் வந்தது. ஒருத்தி 'ஆபரேஷன் தையல் இறுக்கிப் பிடிப்பது' என்று எழுத, கேரளத்துச் சின்னப் பெண் அதை நம்பித் தோற்றாள். இரண்டு வாரம் கழித்து அவளுக்கு நைட் டியூட்டி. இடுப்பு ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தா. வலி எவ்வளவு என்று எப்போது கேட்டாலும் 'மஸ்ட்ன்ட் கிரம்பிள்' என்பார். குறை சொல்லக் கூடாதாம். வலிக்கு எண் கேட்டால் இரண்டுக்கு மேல் போகாது. அன்று போர்வையை இழுத்துவிடும்போது, கெண்டைக்கால் கொஞ்சம் ஜிப் கொடுக்கிறது என்று முனகியிருக்கிறார். ஜிப் என்றால் வலி. தோற்ற சொல்லாயிற்றே, அவளுக்கு மறக்குமா? போர்வையை விலக்கிப் பார்த்தால் ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுடுகிறது. உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். ஸ்கேனில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

அதனால் சொல்கிறேன், பவித்ராவுக்குச் சொற்பட்டியல் எதையும் வாங்கிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதே. பட்டியல் ஒரு வாரத்தில் மறந்துவிடும். தானே ஒரு பொய்யை யோசித்து எழுதியதும், அடுத்தவள் பொய்யில் ஏமாந்ததும் மறக்காது. இந்தச் சொற்களை அவள் பேச வேண்டும் என்றும் இல்லை. பேசினால் நன்றாகவும் இருக்காது. காதில் விழுந்ததும் புரிந்தால் போதும். முக்கியமாக, வலியைச் சிறியதாக்கிச் சொல்லும் சொற்கள். 'நாட் டூ பேட்' என்று ஒருவர் சொன்னால், உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

எங்கள் நடுவரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமைகளில் வீடியோ காலில் வரச் சம்மதம். இங்கே பகல் இரண்டு மணி, உங்களுக்கு மாலை ஆறரை. பவித்ராவோடு படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர வேண்டும், தனியாக ஆட முடியாது. நீயும் உட்கார். பொய் எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, நம் ஹாஸ்டல் லீவ் லெட்டர்களைக் கேட்டால் சொல்லும்.

எந்தச் சனிக்கிழமை தொடங்கலாம் என்று உடனே எழுது. அம்மாவின் எக்ஸ்ரேயையும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
ஜெயா