ஆகஸ்ட் லீவுக்கு ஈர்க்கிலும் நூலும் போதும்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைச்சது. இஞ்ச மட்டக்களப்பில எல்லாரும் சுகம். தங்கச்சியையும் மருமக்கள் ரெண்டு பேரையும் கேட்டதாச் சொல்லு. ஆரையம்பதி மாமி நீ வாற நாளை எண்ணிக்கொண்டிருக்கா. உனக்கெண்டு கருவாடும் ஒளிச்சு வைச்சிருக்கா.

மறுகா விஷயத்துக்கு வாறன். லீவில புள்ளைகளச் சமாளிக்கக் கடன் பட்டாவது ஒரு டேப்லெட் வாங்கப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். வாங்காத மச்சான். வாங்கின சாமான் புள்ளைக்கு ஒரு பொழுதுக்குத்தான் காணும். தானே செய்யிற பட்டம் எண்டா மூண்டு நாளைக்கு ஓடும்: ஈர்க்கில் சீவ ஒரு நாள், ஒட்ட ஒரு நாள், ஏத்தி விழுத்தித் திருத்த ஒரு நாள். பெரியவனுக்குப் பத்து வயசு, பட்டத்துக்குச் சரியான வயசு. காத்துக்கும் காசில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிப்போட்டு, காய்ஞ்சு சூடாகி நம்மட பக்கம் இறங்கிற கச்சான் காத்து ஆகஸ்டில இருக்கும்.

கடைப் பிளாஸ்டிக் பட்டம் வேணாம். குச்சி முறிஞ்சா அதைத் திருத்த ஏலாது. ஈர்க்கில் பட்டம் முறிஞ்சா அரை மணித்தியாலத்தில திரும்ப ஏறும்.

செய்யிற விதத்தைச் சொல்றன், அவனுக்கு வாசிச்சுக் காட்டு. விளக்குமாத்து ஈர்க்கில் எடுக்காத, காய்ஞ்சது வளைக்கேக்க முறியும். பச்சைத் தென்னோலையில உருவி, ஓலைச் சதையைக் கத்தியால வழிச்சு, ஒரு நாள் நிழலில வைக்கோணும். வெயிலில போட்டா கோணும். ஈர்க்கிலுக்கு ஒரு தலை தடிப்பு, மற்றத் தலை மெல்லிசு. ஒத்தை ஈர்க்கிலை வில்லா வளைச்சா மெல்லிசுப் பக்கம் கூடுதலா வளையும், பட்டம் ஒரு பக்கத்துக்கே சாயும். அதனால ரெண்டு ஈர்க்கிலைத் தலைகீழா, ஒண்டின்ட தடிச்ச நுனி மற்றதின்ட மெல்லிசு நுனியோட சேர வைச்சு, மூண்டு இடத்தில நூலால இறுக்கிக் கட்டு. நடு முதுகுக்கும் இதே மாதிரி ஒரு சோடி. பட்டம் சரியா நிக்கிறதும் நிக்காததும் பாதி இதிலதான் இருக்கு.

டிசு பேப்பரை 35 சென்ரிமீற்றர் சதுரமா வெட்டு. மூலைக்கு மூலை ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் வரும், முதுகு ஈர்க்கில் அந்த நீளம். வில்லுக்கு 58 எடு. முதுகை மேல் மூலையில இருந்து கீழ் மூலைக்கு ஒட்டு. வில்லை மேல் பக்கம் வளைச்சு, ரெண்டு நுனியையும் இடது வலது மூலையில பேப்பரை மடிச்சு ஒட்டு. முதுகும் வில்லும் சந்திக்கிற இடத்தை நூலால கட்டு. பத்திரிகைத் தாளிலயும் செய்யலாம், ஆனா பாரம். காத்து நல்லா இழுக்கிற நேரத்தில மட்டும்தான் ஏறும்.

பசைக்குக் கோதுமை மா ரெண்டு மேசைக்கரண்டி, பச்சத்தண்ணி அரைக் கப். கட்டியில்லாமக் கரைச்சுப்போட்டுத்தான் அடுப்பில வைக்கோணும். மெல்லிய நெருப்பில கிண்டினா கண்ணாடி மாதிரி மினுங்கி வரும், உடன இறக்கு. தண்ணியாப் போனா டிசு பேப்பர் நனைஞ்சு சுருங்கிக் கிழியும். அண்டண்டைக்குத்தான் காய்ச்சோணும், மறுநாள் புளிச்சிடும். அவசரமெண்டா சோத்தைப் பிசைஞ்சு ஒட்டு.

இனி முச்சை, ஏத்திற நூலைப் பட்டத்தோட பிணைக்கிற கட்டு. இதை அவசரப்படாமச் செய். முதுகும் வில்லும் சந்திக்கிற இடத்தில ஒரு துளை, அடி மூலையில இருந்து 14 சென்ரிமீற்றர் மேல இன்னொரு துளை. ரெண்டிலயும் கட்டின நூல் முன்னால ஒரு முடிச்சில சேரோணும். மேல் நூல் 28 சென்ரிமீற்றர், கீழ் நூல் 31. ஏத்த முதல் அந்த முடிச்சில தூக்கிப் பிடிச்சுப் பார், ஒரு பக்கம் தாழ்ந்தா மற்றப் பக்க நுனியில சின்னப் பேப்பர்த் துண்டு ஒட்டு. காத்து பலமா அடிச்சு நூல் அறுமாப் போல இழுத்தா மேல் நூலை ஒரு சென்ரிமீற்றர் குறை. ஏறாம முன்னுக்குக் குத்தினா அந்த ஒரு சென்ரிமீற்றரைத் திருப்பிக் கூட்டு. சுத்திச் சுத்திக் கீழ விழுந்தா வால் காணாது. பழைய வொயில் சாறியில ரெண்டு சென்ரிமீற்றர் அகலத்தில கிழிச்சு, முதுகைப் போல அஞ்சு மடங்கு நீளம் கட்டு. வால் கூடினா சோம்பிக் கிடக்கும், சாணளவு சாணளவா வெட்டிப் பார். இந்தக் கணக்கையெல்லாம் நீ செய்யாத, அவன் செய்யட்டும். ஒவ்வொரு தரமும் என்ன மாத்தினான், என்ன நடந்தது எண்டு கேள். பள்ளிக்கூடத்து விஞ்ஞானம் தானா வரும்.

நூல் 40ஆம் நம்பர் தையல் நூல், பால்பேணியில சுத்தி வை. தங்கூசி எண்ட நைலோன் நூல் வேண்டவே வேணாம். அது லேசில அறாது. றோட்டுக்குக் குறுக்கால விழுந்தா மோட்டார் சைக்கிள்காரன்ட கழுத்தை அறுக்கும், மரத்தில சிக்கினா குருவி செத்துத் தொங்கும்.



ஏத்திற இடம்தான் எனக்குப் பெரிய யோசனை. கல்லடிக் கடற்கரையில கரண்ட் வயர் தொல்லை குறைவு, ஆனா கச்சான் கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். பட்டம் கடலில விழும், புள்ளை அதுக்குப் பின்னால ஓடும். அது பாசிக்குடா மாதிரிக் கன தூரம் நடந்து போற கடல் இல்லை மச்சான். வாவிக்கரையும் வேணாம், முதலை இருக்கு. வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. 2014 இல மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதியில இருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக ஓடம் பாக்கத் தேவையில்லை. சிறுபோக நெல்லு வெட்டின வயல் வட்டை வெறுமையாக் கிடக்கும். அடிக்கட்டை காலைக் குத்தும், செருப்புப் போடச் சொல்லு. கட்டில்லாத கிணறு, வாய்க்கால் எங்க எண்டு முதல் நீ நடந்து பார். வயரில பட்டம் சிக்கினா அதை விட்டிட்டு வரோணும். தடியால தட்டவும் கூடாது, நூலை இழுக்கவும் கூடாது, ஈர நூலில கரண்ட் வரும். இதை மட்டும் விளையாட்டாச் சொல்லாத, கண்ணைப் பார்த்துச் சொல்லு.

ஏத்தேக்க ஓடத் தேவையில்லை. காத்துக்கு முதுகு காட்டி நிண்டு, இருபது மீற்றர் தள்ளி ஒராள் பட்டத்தைத் தூக்கிப் பிடிச்சுவிட, நூலை ரெண்டு இழுவை இழுத்தாப் போதும்.

சின்னவளுக்குப் பட்டம் கஷ்டம். பப்பாசி இலைக் காம்பு குழல்தானே, பால் வடிய நல்லாக் கழுவிப்போட்டுக் குடு. ஒரு கிளாஸ் தண்ணிக்குப் பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு தேக்கரண்டி, சீனி அரைக்கரண்டி போட்டு மெதுவாக் கலக்கினா பின்னேரம் முழுக்கச் சவர்க்கார முட்டை ஊதுவாள். உவர்க் கிணத்துத் தண்ணி சரிவராது, குழாய்த் தண்ணி எடு. மேல நுரை மிதந்தா வழிச்செடு, நுரை கிடந்தா முட்டை உடையும். உறிஞ்சாம ஊதுறாளா எண்டு முதல் தண்ணியில பழக்கு.

பதினொண்டுக்கும் மூண்டுக்கும் இடையில வெளிய விடாத. அந்த நேரத்துக்குப் புளியங்கொட்டை நாலு எடுத்துச் சீமெந்துத் தரையில ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்க்கச் சொல்லு. தாயக்கட்டை ரெடி. ஒரு வெள்ளை விழுந்தா தாயம், நாலும் வெள்ளையெண்டா நாலு, நாலும் கறுப்பெண்டா எட்டு. தேய்க்கவே ஒரு மத்தியானம் போகும். கல்லை எறிஞ்சு பிடிக்கிற கொக்கான் வெட்டத் தங்கச்சி பழக்குவா, அவவ வெல்ல உன்னால ஏலாது.

நீ உதயதேவியில வாறியா, பாடுமீன்ல வாறியா எண்டு சொல்லு, ஸ்டேசனுக்கு வாறன். டிசு பேப்பர் அங்க ரெண்டு நிறத்தில பத்துத் தாள் வாங்கு, மடிக்காமச் சுருட்டிக் கொண்டு வா. மடிச்ச கோட்டிலதான் அது கிழியும். நீ வாறதுக்கு முதல் நாள் ஈர்க்கில் வெட்டி வைக்கிறன், சீவுறது அவன்ட வேலை.

அன்புடன்,
உன்ட மச்சான்